ஃபயர்வாலை அணைத்துவிடுவது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டுக் கணினியில் பிரிண்டர் இணையவில்லை, பிள்ளைகளின் விளையாட்டு ஓடவில்லை, இன்னொரு கணினியில் உள்ள கோப்புறை திறக்கவில்லை என்று யாரிடம் முறையிட்டாலும், பழுது பார்க்க வருபவர் முதலில் செய்வதும், காணொளிகளில் முதலில் சொல்லப்படுவதும் ஒன்றாகவே இருக்கிறது: விண்டோஸ் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து கணினிக்குள் வரும் இணைப்புகளைச் சோதித்துத் தடுக்கும் பாதுகாப்பை, அணைத்துவிடுவது. அணைத்ததும் சில நேரங்களில் பிரிண்டர் வேலை செய்துவிடுகிறது. வந்தவர் கூலி வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அணைத்ததைத் திரும்ப இயக்க வேண்டும் என்று வீட்டாரிடம் எவரும் சொல்வதில்லை. கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். அக்கம்பக்கத்தார் இப்போது என்னிடம் கொண்டுவந்து காட்டும் மடிக்கணினிகளில் ஃபயர்வால் மாதக்கணக்கில் அணைந்து கிடப்பதையும், அப்படிக் கிடப்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாதிருப்பதையும் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது. நாளிதழ்களின் கணினிக் கேள்வி பதில் பகுதிகளிலும் இந்த அறிவுரை அவ்வப்போது இடம்பெறுவதால், அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஃபயர்வால் இயங்கினால் இணையம் மெதுவாகிவிடும், வாட்ஸ்அப் வராது, வங்கித் தளம் திறக்காது என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பான அமைப்பில், நம் கணினி தானாகத் தொடங்கி வெளியே அனுப்பும் இணைப்புகள் எல்லாம் அனுமதிக்கப்படுகின்றன. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டும் இணைப்புகள், அவற்றை அனுமதிக்கும் விதி ஒன்று இருந்தாலொழிய, மறுக்கப்படுகின்றன. பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது இணைப்பைத் தொடங்குவது நம் கணினிதான். அந்த இணைப்பை ஃபயர்வால் நினைவில் வைத்திருப்பதால், அதற்கு வரும் பதிலை எந்த விதியும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே ரயில் டிக்கெட் எடுப்பதும், மின் கட்டணம் செலுத்துவதும், மகளின் இணையவழி வகுப்பும் ஃபயர்வால் முழுமையாக இயங்கும்போதே தடையின்றி நடக்கும். தடைபடக்கூடியவை, வெளியிலிருக்கும் ஒரு கணினி நம் கணினியை நோக்கி முதல் அடி எடுத்து வைக்க வேண்டிய சில வேலைகள் மட்டுமே. ஒரு வீட்டில் அத்தகைய வேலைகள் நான்கைந்துக்கு மேல் இருப்பதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய முடியும்.

இந்தப் பாதுகாப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் நம் கைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது, அதைத் தேடி இயக்கியவர்கள் மிகச் சிலரே. 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் என்னும் புழு (தானாகப் பரவும் தீய நிரல்), 135ஆம் எண் போர்ட் (கணினிக்குள் இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாயில்) வழியாகக் கணினிக்குக் கணினி தானாகவே நுழைந்தது. யாரும் எந்த இணைப்பையும் அழுத்தவில்லை, எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. இணையத்தில் இணைந்திருந்ததே போதுமானதாக இருந்தது. அறுபது வினாடிகளில் கணினி அணைந்துவிடும் என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்த அந்தச் சாளரத்தை, அக்காலத்தில் கணினி வைத்திருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அந்தத் திருத்தத்தை நிறுவாதவர்கள்கூட, கணினியிலேயே உறங்கிக்கொண்டிருந்த ஃபயர்வாலை இயக்கியிருந்தால் இணையத்திலிருந்து வந்த அந்தத் தாக்குதலிலிருந்து தப்பியிருப்பார்கள். அடுத்த ஆண்டு சாஸர் என்னும் புழு 445ஆம் போர்ட் வழியாக இதே வேலையைச் செய்தது. அதன் பிறகே, 2004 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் என்னும் திருத்தத் தொகுப்பில், ஃபயர்வால் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. இவ்வளவு இழப்புக்குப் பின் உலகம் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான், பிரிண்டருக்காக நாம் ஒரே அழுத்தில் விலக்கிவிடுகிறோம்.

அது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2017 மே 12 அன்று தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதலும் அதே 445ஆம் போர்ட்டில் இயங்கும் கோப்புப் பகிர்வுச் சேவையின் ஓட்டை வழியாகவே பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது, நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் காவல்துறையின் சில கணினிகளும் முடங்கின. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அலுவலக வலையமைப்புக்குள் கோப்புப் பகிர்வுக்காக அந்தப் போர்ட் ஏற்கெனவே திறந்திருந்த இடங்களில், ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருந்தும் பயனில்லை. அந்த ஆண்டு மார்ச் 14ஆம் நாள் வெளியான திருத்தத்தை நிறுவியிருந்தவர்களே தப்பினார்கள். ஃபயர்வால் இருப்பதால் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்ட நிலையில், அதே பதிப்பில் தொடரும் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும்: பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் ஃபயர்வாலையும் அணைத்து வைப்பது ஆபத்தை இரட்டிப்பாக்குவதாகும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தட்டச்சிட்டுத் திறந்து, அதில் ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன் என்ற பகுதிக்குச் சென்றால் மூன்று வரிகள் தெரியும்: டொமைன் நெட்வொர்க், பிரைவேட் நெட்வொர்க், பப்ளிக் நெட்வொர்க். டொமைன் என்பது நிறுவனங்களுக்கானது. வீட்டில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் அதையும் அணைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. மற்ற இரண்டில் நாம் இப்போது எதில் இருக்கிறோம் என்பது 'ஆக்டிவ்' என்ற குறிப்பால் தெரியும். வீட்டுக் கணினிகளில் நான் காணும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது. புதிய வைஃபை ஒன்றில் இணையும்போது விண்டோஸ் 11 அதைப் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்கிறது. பப்ளிக் நிலையில், அருகிலுள்ள கருவிகளைத் தேடுவதற்கும் நம் கணினி பிற கருவிகளின் கண்ணில் படுவதற்குமான நெட்வொர்க் டிஸ்கவரி அணைந்திருக்கும். கோப்புப் பகிர்வும் பிரிண்டர் பகிர்வும் மூடப்பட்டிருக்கும். வீட்டின் சொந்த வைஃபையும் அப்படிப் பப்ளிக் என்று குறிக்கப்பட்டுக் கிடப்பதால்தான் பக்கத்து அறையின் பிரிண்டர் பட்டியலில் தோன்றுவதில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பப்ளிக் என்பதைப் பிரைவேட் என்று மாற்றினாலே பல வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடும். ஃபயர்வாலை அணைத்ததும் பிரிண்டர் வேலை செய்தது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த ஒரு மாற்றம்தான்.

இதன் மறுபக்கமும் அதே அளவு முக்கியமானது. பிரைவேட் என்ற தகுதியை, அந்த வலையமைப்பில் உள்ள எல்லாக் கருவிகளும் யாருடையவை என்று நமக்குத் தெரிந்த இடத்துக்கு மட்டுமே தர வேண்டும். ரயில் நிலையத்தின் இலவச வைஃபை, விடுதி அறை, தேநீர்க் கடை, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் ஆகியவை எல்லாம் பப்ளிக்தான். இதில் எவருக்கும் ஐயம் இருக்காது. ஐயம் வருவது கல்லூரி விடுதியில். மாணவர்கள் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்குவதால் அதை வீடாகவே நினைக்கிறார்கள். படங்களையும் பாடக் குறிப்புகளையும் பகிர்ந்துகொள்வதற்காக வைஃபையைப் பிரைவேட் ஆக்கி, ஒரு கோப்புறையை 'எவ்ரிஒன்' என்று எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கருவிகள் இணைந்திருக்கும் அந்த வலையமைப்பில் ஒரே ஒரு கணினிக்குத் தொற்று வந்தால், திறந்து வைத்திருக்கும் மற்ற கணினிகள் அதற்கு நேரடியாக எட்டும் தூரத்தில் இருக்கின்றன. விடுதி வைஃபை பப்ளிக்காகவே இருக்கட்டும்; நண்பனுக்குக் கோப்பைத் தர ஒரு பென் டிரைவோ, இணையச் சேமிப்பில் ஓர் இணைப்போ போதும். பயணத்தின்போது இன்னும் உறுதியான பாதுகாப்பு வேண்டுவோர், பப்ளிக் நெட்வொர்க் பக்கத்தில் 'இன்கமிங் கனெக்‌ஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழுள்ள கட்டத்தைக் குறித்துவிடலாம். அது, அனுமதிக்கப்பட்ட ஆப்களின் பட்டியலில் உள்ளவற்றையும் சேர்த்து, உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும். அப்போதும் மின்னஞ்சலும் இணையத் தளங்களும் வழக்கம்போலவே இயங்கும்.

அடுத்தது, ஒரு புதிய ஆப் முதன்முறையாக இயங்கும்போது திடீரென்று எழும் அனுமதிச் சாளரம். பெற்றோர் பலர் அதைக் கண்டதும் அஞ்சி 'கேன்சல்' அழுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் தொல்லை தருகின்றன. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில், அண்ணன் தன் கணினியில் தொடங்கிய உலகத்துக்குள் தங்கை தன் கணினியிலிருந்து வர வேண்டுமானால், அண்ணனின் கணினிக்குள் வெளியிலிருந்து ஓர் இணைப்பு நுழைய வேண்டும். அதற்காக எழும் சாளரத்தில் மைன்கிராஃப்ட் என்ற பெயர் இருப்பதில்லை. அந்த விளையாட்டு ஜாவா என்னும் நிரல் தளத்தின் மேல் ஓடுவதால், ஜாவாவின் பெயரே அதில் தோன்றுகிறது. முன்பின் அறியாத பெயரைக் கண்ட தந்தை 'கேன்சல்' அழுத்துகிறார். அவர் நினைப்பது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னதாக. விண்டோஸ் எடுத்துக்கொள்வது, இந்த நிரலை எப்போதுமே தடு என்று. அந்தக் கணமே டிசிபி, யுடிபி என்ற இரண்டு தரவுப் பரிமாற்ற முறைகளுக்கும் தனித்தனியாகத் தடை விதிகள் எழுதப்பட்டுவிடுகின்றன. அந்தச் சாளரம் அதன் பிறகு தோன்றுவதே இல்லை. விளையாட்டு ஏன் இணையவில்லை என்பது யாருக்கும் விளங்காமல் போகிறது. கடைசியில் ஃபயர்வால் முழுவதுமே அணைக்கப்படுகிறது.

இதற்குத் தீர்வு, எழுதப்பட்ட அந்தத் தடை விதியைத் தேடி நீக்குவது. அதே ஃபயர்வால் பக்கத்தின் அடியில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்ற இணைப்பு இருக்கிறது. அதைத் திறந்து இடப்பக்கத்தில் இன்பவுண்ட் ரூல்ஸை (உள்வரும் இணைப்புகளுக்கான விதிகளை) தேர்ந்தெடுத்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அனுமதி விதிகளுக்குப் பச்சைக் குறியும், தடை விதிகளுக்குச் சிவப்புக் குறியும் இருக்கும். இயங்காத விதிகள் மங்கலாகத் தெரியும். சிவப்புக் குறியுள்ள ஜாவா விதிகளைக் கண்டு நீக்கிவிட்டு, விளையாட்டை மறுபடி தொடங்கினால் அனுமதிச் சாளரம் மீண்டும் எழும். இம்முறை பிரைவேட் என்பதை மட்டும் குறித்து அனுமதித்தால் போதும். பப்ளிக் என்ற கட்டத்தில் குறி இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டங்கள் உடனே கண்ணில் படாத பதிப்புகளில் சாளரத்தை விரித்துப் பார்க்க வேண்டும். இங்கே பலரையும் குழப்பும் ஒரு விதிமுறை உண்டு: ஒரே நிரலுக்கு அனுமதியும் தடையும் இரண்டும் இருந்தால், தடையே வெல்லும். அனுமதி விதியை எத்தனை முறை புதிதாகச் சேர்த்தாலும் பழைய தடை விதி இருக்கும்வரை பயனில்லை. நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கில் பிள்ளைகள் இருக்கும்போது, அவர்களால் தாமாக அனுமதி தர முடியாது, பெரும்பாலும் தடை விதியே உருவாகும் என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு தருவது சரியான முடிவே. புதிய விளையாட்டுக்கான அனுமதியை மட்டும் பெரியவர்கள் தம் கணக்கிலிருந்து கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

நிரலுக்கு அனுமதி தருவதா, போர்ட் எண்ணைத் திறப்பதா என்ற கேள்விக்கும் இதே எடுத்துக்காட்டு விடை தருகிறது. போர்ட் எண்ணைத் திறந்துவிடும்படி சொல்லும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மைன்கிராஃப்ட் என்றதும் 25565 என்ற எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அது தனியாக நிறுவப்படும் சர்வருக்கான எண். விளையாட்டுக்குள்ளிருந்தே வீட்டு வலையமைப்புக்குத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனவே அந்தக் குறிப்பைப் பின்பற்றிப் போர்ட்டைத் திறந்தவருக்கு விளையாட்டும் இயங்காது, தேவையற்ற ஒரு திறப்பும் மிஞ்சும். போர்ட்டைத் திறக்கும் விதி, அந்த எண்ணில் காத்திருக்கும் எந்த நிரலுக்கும் பொருந்தும். நிரலுக்கான விதியோ அந்த நிரலுக்கு மட்டுமே பொருந்தும். வீட்டுப் பயன்பாட்டில் இரண்டாவதே சிறந்தது. கணினியில் உள்ள படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் மீடியா சர்வர், தான் எழுதிய வலைப்பக்கத்தைக் கைபேசியில் சோதித்துப் பார்க்கும் மாணவரின் நிரல் போன்றவற்றுக்கு விதி எழுதுவோர், அந்த விதியின் பிராப்பர்ட்டீஸில் உள்ள ஸ்கோப் என்ற பகுதியில், ரிமோட் முகவரியாக லோக்கல் சப்நெட் என்பதை மட்டும் சேர்த்துவிட்டால், வீட்டு வலையமைப்புக்கு வெளியேயிருந்து எவரும் அந்த வழியாக வர முடியாது.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு நிரல் இயங்க மறுக்கிறது என்றால், ஃபயர்வால்தான் காரணமா என்று அறிய வேண்டும் அல்லவா? தொழில்நுட்பம் தெரிந்த நண்பர்கள் என்னிடம் சொல்லும் வாதம் இதுதான்: சோதனைக்காகவாவது ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்கிறார்கள். அணைக்காமலேயே அறிய வழி இருக்கிறது. அது அதிகம் பேசப்படாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் சாளரத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பிரைவேட் புரொஃபைல் பகுதியில் லாகிங் என்பதற்கு எதிரே உள்ள கஸ்டமைஸ் பொத்தானை அழுத்தினால், மறுக்கப்பட்ட பாக்கெட்டுகளை (இணைப்பில் வரும் தரவுத் துண்டுகளை) பதிவு செய்யலாமா என்ற கேள்வி இருக்கும். இயல்பாக இது அணைந்திருக்கும்; இதை இயக்கிவிட்டு, சிக்கல் தரும் வேலையை ஒருமுறை செய்து பார்த்து, பிறகு அந்தச் சாளரத்திலேயே காட்டப்பட்டுள்ள இடத்திலுள்ள பதிவேட்டை நிர்வாகி உரிமையோடு நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வரியிலும் நாள், நேரம், எடுக்கப்பட்ட முடிவு, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு என்ற விவரங்கள் வரிசையாக இருக்கும். நாம் முயன்ற அந்த நிமிடத்தில் பிரிண்டரின் முகவரியிலிருந்து வந்த பாக்கெட் 'டிராப்' என்று பதிவாகியிருந்தால் காரணம் ஃபயர்வால். அப்படி ஒரு வரியும் இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, ஃபயர்வாலை அணைத்து ஒரு பயனும் இல்லை. பதிவேட்டின் அளவு இயல்பாக 4096 கிலோபைட்டுக்கு மேல் போகாது என்பதால் வட்டு நிரம்பிவிடும் என்ற பயமும் வேண்டாம். பழுது பார்ப்பவர் ஒருவர் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்தாரானால், அவரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

ஃபயர்வாலை அணைப்பதிலும் மோசமான ஒன்றைச் சில கணினிகளில் காண்கிறேன். சர்வீசஸ் பட்டியலுக்குள் போய் ஃபயர்வால் சேவையையே நிறுத்திவைத்திருக்கிறார்கள். கணினி வேகமாகும் என்று யாரோ சொன்னதன் விளைவு. அவ்வாறு செய்ய வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணங்களில் தெளிவாக எச்சரிக்கிறது. அந்தச் சேவை நின்றால் ஸ்டார்ட் மெனு இயங்காமல் போகலாம், ஆப்களை நிறுவுவதும் புதுப்பிப்பதும் தடைபடலாம். கணினியோடு ஓராண்டு இலவசமாக வரும் வேறு நிறுவனங்களின் பாதுகாப்புத் தொகுப்புகளைப் பற்றியும் ஒரு சொல்: அவற்றில் சில, ஃபயர்வால் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. அந்த ஓராண்டு முடிந்ததும் யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதை, நான் மேலே சொன்ன அதே விண்டோஸ் செக்யூரிட்டி திரையில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் ரௌட்டர் இருக்கும்போது கணினியில் தனியாக ஃபயர்வால் எதற்கு என்றும் கேட்கிறார்கள். பழைய முகவரி முறையில் வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைந்திருந்ததால், வெளியிலிருந்து நேராக ஒரு கணினியைத் தேடி வருவது கடினமாக இருந்தது என்பது உண்மையே. இப்போது இந்தியாவில் ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறை மிகப் பரவலாகிவிட்டது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி ஒன்று தனித்தனியே கிடைக்கிறது. உள்வரும் ஐபிவி6 இணைப்புகளை ரௌட்டர் தடுக்கிறதா இல்லையா என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது; பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. மேலும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் மலிவான கேமராவோ, தொற்று ஏற்பட்ட இன்னொரு கணினியோ தாக்கும்போது ரௌட்டர் இடையில் வருவதே இல்லை. அங்கே நிற்பது கணினியின் சொந்த ஃபயர்வால் மட்டும்தான்.

ஃபயர்வாலால் முடியாதவற்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். இல்லையென்றால் என் கடிதமே தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிடும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆப் ஒன்றை நிறுவச் சொல்லும் மோசடிக்காரரை ஃபயர்வால் தடுக்காது. அந்த ஆப் வெளியே செல்லும் இணைப்பைத் தானே தொடங்குகிறது, வெளியே செல்பவை இயல்பாக அனுமதிக்கப்படுகின்றன. மின்னஞ்சலில் வரும் போலிப் படிவத்தில் நாமே கடவுச்சொல்லைத் தட்டச்சிட்டாலும் அதே கதைதான். வெளியே செல்லும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அனுமதிக்கும்படி விண்டோஸ் ஃபயர்வாலை அமைக்க முடியும். ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் அப்டேட்டுக்கும் விதி எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும், சில நாட்களில் சலித்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள் என்பதால் சாதாரண வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பணம் பறிபோனவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

விண்டோஸ் அல்லாத கணினி வைத்திருப்போருக்கு வேறு விதமான கவனம் தேவை. ஆப்பிள் கணினிகளில் ஃபயர்வால் இருந்தும் அது இயல்பாக அணைந்தே இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் சென்று இயக்கிவிட வேண்டும். உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்திலும் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி நிறுவப்பட்டே வருகிறது, ஆனால் இயக்கப்படாமல் இருக்கிறது. ஒரே கட்டளையில் அதை இயக்கலாம். இயக்கியதும் உள்வருவதை மறுத்து, வெளிச்செல்வதை அனுமதிக்கும் நிலைக்கு அது வந்துவிடும்.

நான் இதை இப்போது எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியதால், கிராமத்து வீடுகளிலும் முதல் கணினி நுழைந்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. மடிக்கணினி பெறும் மாணவர்களில் பலருக்கு, வீட்டில் வழிகாட்ட வேறு எவரும் இருக்கமாட்டார்கள். அவர்கள் கேட்கப்போவது பக்கத்துக் கடைக்காரரையும் காணொளிகளையும் நாளிதழையும்தான். மடிக்கணினியோடு தரப்படும் குறிப்பேட்டில், வீட்டு வைஃபை என்றால் பிரைவேட், விடுதி வைஃபை என்றால் பப்ளிக் என்ற விளக்கமும், அனுமதிச் சாளரம் எழுந்தால் என்ன செய்வது என்ற விளக்கமும் படங்களோடு தமிழில் ஒரு பக்கம் இருந்தால் போதும். தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டும் உயர்கல்வித் துறையும் இதைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

பழுது பார்க்கும் தொழிலில் இருப்போரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவர்களுடைய நேர நெருக்கடி எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விதிகளைத் தேடிக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. ஆயினும் கணினியைத் திருப்பிக் கொடுக்குமுன் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து, மூன்று வரிகளிலும் அது இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பலர் கைபட்டு விதிகள் தாறுமாறாகக் கிடந்தால், அதே பக்கத்தின் அடியில் ரிஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட் என்ற இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் சேர்க்கப்பட்ட விதிகள் எல்லாம் நீங்கி, புதுக் கணினியில் இருந்த நிலை திரும்பிவிடும். தேவையான ஆப்கள் மறுபடி அனுமதி கேட்கும், அப்போது பார்த்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழின் கணினிப் பகுதிக்கு இத்தகைய கேள்விகள் வரும்போது, ஃபயர்வாலை அணைக்கச் சொல்லும் விடைகளை அச்சிடாமல், எந்த நெட்வொர்க்கில் இருக்கிறார், எந்த ஆப்புக்கு அனுமதி வேண்டும் என்று வாசகரைக் கேட்டு, அதற்குரிய விடையை வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அந்த அறிவுரையைப் பின்பற்றி அணைத்துவைத்திருப்பவர்கள் திரும்ப இயக்குவதற்கான வழியையும், கணினித் திரையின் படங்களோடு ஒருமுறை வெளியிட்டால் பலருக்கும் உதவியாக இருக்கும். அதற்கான படங்களையும் விளக்கத்தையும் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.